வியாழக்கிழமைக்காக ஒரு கல்கோனா

காலை பத்தே முக்கால் மணிக்கு என் மகள் தன் பெயரைச் சொன்னாள். அன்றைக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

பெயரைச் சொன்னதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். டாக்டர் "உன் பேரு என்னம்மா?" என்று கையை நீட்டினார். இவள் வாயிலிருந்த கல்கோனா மிட்டாயை எடுத்து அந்தக் கையில் பத்திரமாக வைத்துவிட்டு, "ரோஸ்லின்" என்றாள். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த தலைமையாசிரியையிடம் திரும்பி, "குட் மார்னிங் டீச்சர்." பிறகு ஒன்று முதல் இருபது வரை, நடுவில் பதினேழைக்கூட விடாமல். பிறகு யாரும் கேட்காமலே, தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, "தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை! ஏறு ஏறு, படியில நிக்காத, உள்ள போ!"

டாக்டர் சிரித்தார். தலைமையாசிரியை சிரித்தார். வரிசையில் பிள்ளைகளோடு நின்ற அப்பா அம்மாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சகாயராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மட்டும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேசாத பிள்ளை பேசினால் தலையில் இடி விழுந்தவன் மாதிரி ஒரு அப்பன் நிற்பானா என்று கேட்பீர்கள். நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும் சகாயராணி அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

(இரண்டு வாரமாக வெங்காய மண்டியை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறீர்களே என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வந்துவிட்டேன் அம்மா. நான் கணக்கெழுதிய மண்டி திண்டுக்கல்லில். வீடு வடமதுரையில். இது நடந்தது வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த அரசுத் தொடக்கப் பள்ளியில். இந்த வாரம் வெங்காயம் ஒரே ஒரு இடத்தில்தான் வரும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆளுக்கொரு பாடம்

ரோஸ்லின் எங்களுக்கு ரோஸி. அப்போது எட்டு வயது இருக்கும். இரண்டாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். "சாப்டியா?" என்றால் "சாப்டியா?" என்பாள். பொத்தான் போட வராது. ரோட்டில் லாரி வந்தால் ஒதுங்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்த சத்தம் போகவே போகாது. சனிக்கிழமைகளில் அவளை மண்டிக்குக் கூட்டிப்போவேன். அந்த பஸ்ஸில் கண்டக்டர்கள் போட்ட கூச்சல் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

சாதாரண அரசுப் பள்ளிகளுக்கே ரோஸி மாதிரிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஒன்றியம் முழுவதற்கும் ஓரிருவர்தான். ஒரு நாளைக்கு ஒரு பள்ளி. எங்கள் பள்ளிக்கு வியாழக்கிழமை. வந்தவர் மும்தாஜ் டீச்சர். பேகம்பூரிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். அது வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிடும். சத்தம் கேட்டதும் ரோஸி வகுப்பிலிருந்து எழுந்து வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் சொல்லித்தரவில்லை.

பாடம் முடிந்து கிளம்பும்போது டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "ரோஸி, வியாழக்கிழமை வாரேன்." அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ரோஸி ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள். பல் தேய்க்கும்போது வியாழக்கிழமை வாரேன். சோற்றைப் பிசையும்போது வியாழக்கிழமை வாரேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் நடுவில் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் வியாழக்கிழமை வாரேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சிறப்பாசிரியரின் பட்டியலில் ரோஸி இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவ முகாமில் டாக்டர் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று எழுதினால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். முந்தைய வருஷம் முகாம் நடந்த அன்று நாங்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தோம். ரோஸிக்குப் பேச்சு வரவேண்டும் என்ற வேண்டுதல்தான். மாதா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் முகாம் போய்விட்டது.

மும்தாஜ் டீச்சர் பட்டியலில் இல்லாத பிள்ளைக்கும் நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார். முகாமுக்கு முந்தைய வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரோஸிப்பா, மேல இருந்து கேக்குறாங்க. பதிவில்லாத பிள்ளைக்கு எதுக்கு நேரம் குடுக்குறீங்கன்னு. செவ்வாக்கிழமை முகாம்ல டாக்டர் எழுதிட்டா ஒண்ணும் இல்ல. எழுதலன்னா..."

ஹெல்மெட்டை மாட்டினார். ரோஸி கேட்டருகே நின்று அவர் முகத்தையே பார்த்தாள். டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டு, அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே வண்டியை எடுத்தார். வராத நாளுக்கு வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ரோஸி கேட்டை விட்டு வரவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சத்தமே இல்லை.

இது போதாதென்று தலைமையாசிரியை பாக்கியம் டீச்சர் (ஹெச்.எம்., எங்கள் வாயில் 'எச்செம்'). நல்லவர்தான். இரண்டு வகுப்பு, ஒரே அறை, ஒரே டீச்சர் என்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர். "மும்தாஜ் டீச்சர் வார வரைக்கும் வச்சிருக்கேன் சார். அவுக வாரது நின்னா அப்புறம் என்னயக் கேக்கக் கூடாது. மதுரைல இதுக்குன்னே ஹோம் இருக்குங்கறாக" என்றார். அவரைச் சேர்க்கைக்குச் சம்மதிக்க வைத்த காலத்தில் மண்டியிலிருந்து சின்ன வெங்காயம் கொண்டுபோய்க் கொடுத்தேன். (இதுதான் அந்த ஒரு இடம்.) அதை அவர் சத்துணவுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அப்படி ஒரு நேர்மையானவர் "ஹோம்" என்று சொன்னால் பயம் இரண்டு மடங்கு.

ஹோம் என்ற சொல் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து சகாயராணி சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். டாக்டர் கண்ணுக்கு ரோஸி ஒன்றும் தெரியாதவளாகத் தெரியவேண்டும்; இல்லாவிட்டால் வியாழக்கிழமை போச்சு. தலைமையாசிரியை கண்ணுக்கு ரோஸி எல்லாம் வருகிறவளாகத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் ஹோம். முகாம் நடந்ததோ அந்தப் பள்ளியிலேயே. டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி தலைமையாசிரியைக்கு.

ஒரே பிள்ளை, ஒரே நேரத்தில், ஒரே மேசையில், இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியவேண்டும்.

இதை நானும் என் மனைவியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அவள் எனக்குத் தெரியாமல் மூன்று வாரமாக ரோஸிக்கு "குட் மார்னிங் டீச்சர்" பழக்கினாள். நான் அவளுக்குத் தெரியாமல் முகாம் அன்று காலையில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கல்கோனா வாங்கினேன். கல்கோனா தெரியாதவர்களுக்கு: பல் இருப்பவர்களும் கடிக்க முடியாத ஒரு மிட்டாய். வாயில் போட்டால் அரைமணி நேரத்துக்கு எந்தப் பிள்ளையும் பேசாது. பல தலைமுறை அப்பாக்கள் பரிசோதித்த உண்மை.

தூக்கக் கலக்கம்

இங்கே கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர், பிறகு காப்பி, பிறகு பிள்ளை. "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக்காட்டு." உலகத்தில் எந்த மாமாவும் ரைம்ஸ் கேட்க பஸ் ஏறி வருவதில்லை. ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பிள்ளை சொல்லும், மாமா பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவார், பெற்றவர்களின் முகம் பளபளக்கும்.

எங்களுக்கு அது வாய்க்கவில்லை. ரெட்டியார்சத்திரத்திலிருந்து என் மச்சான் குடும்பம் வரும். அவர்கள் மகன் நாற்காலியில் ஏறி நின்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும், நாலு பாட்டுச் சொல்லி இறங்குவான். "ரோஸி, நீ சொல்லும்மா" என்பார்கள். ரோஸி சன்னலைப் பார்ப்பாள். சகாயராணி சட்டென்று, "தூக்கக் கலக்கம் அண்ணே" என்பாள்.

காலை பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கம். மாலை நாலு மணிக்குத் தூக்கக் கலக்கம். கல்யாண வீட்டில் மேளம் காதைக் கிழிக்கும்போது தூக்கக் கலக்கம். எங்கள் சொந்தக்காரர்கள் கணக்கில் ரோஸிதான் ஜில்லாவிலேயே அதிகம் தூங்கும் பிள்ளை.

அந்த வருஷங்களில் நாங்கள் செய்யாதது இல்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினோம். தேன் தடவினோம். மதுரையில் ஒரு டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் வளர வளரச் சரியாகும் என்றார். வளர வளரச் சட்டைதான் சின்னதானது.

மும்தாஜ் டீச்சர் இது எதையும் கேட்கவில்லை. முதல் வியாழக்கிழமை வராந்தாவில் ரோஸிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் நெஞ்சைத் தொட்டு "மும்தாஜ்" என்றார். பிறகு "உன் பேரு என்ன?" என்றார். ரோஸி, "உன் பேரு என்ன?" என்றாள். டீச்சர் திருத்தவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா இருந்தார். அவ்வளவு நேரம் ஒரு ஆள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காக்கா வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. பிறகு மறுபடி, "மும்தாஜ். உன் பேரு என்ன?"

"பேரு தெரிஞ்சா என்ன டீச்சர் ஆகப்போகுது? முதல்ல அ ஆ சொல்லிக்குடுங்களேன்" என்றேன் ஒருநாள், படித்தவன் என்ற உரிமையில்.

"சந்தையில உங்க கைய விட்டுட்டா அ ஆ சொல்லி வீட்டுக்கு வர முடியாது ரோஸிப்பா. பேரு சொன்னா வரலாம்."

அப்புறம் நான் ஆலோசனை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொன்னால் சகாயராணி இந்தப் பத்திரிகைக்கே மறுப்புக் கடிதம் எழுதுவாள்.

மாதக்கணக்கில் அதே கேள்வி. மாதக்கணக்கில் ரோஸியிடமிருந்து அதே கேள்வி.

வேப்பமரத்து வரிசை

முகாம் அன்று சகாயராணி ரோஸியைத் துணி வெளுப்பதுபோல் வெளுத்துவிட்டாள். புதுச் சட்டை, இரட்டைச் சடை, ரிப்பன், முகமெல்லாம் பவுடர். டாக்டரிடம் போனால் சுத்தமாகப் போகவேண்டும் என்பது அவள் கொள்கை. நானும் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் அய்யலூர்ப் பக்கம் தக்காளி போடும் பேச்சியம்மா என்ற பெண், இடுப்பில் மகனோடு நின்றாள். பையனுக்குக் கால் இரண்டும் நிற்காது. முகத்தில் சிரிப்பு மட்டும் நிற்கவே நிற்காது. பேச்சி எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏக்கா, முகாமுக்கு வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"ஏம்மா?" என்றாள் சகாயராணி.

"இம்புட்டுப் பவுடரப் போட்டா டாக்டரு என்னத்த எழுதுவாரு? போன வருசம் இவன் டாக்டரம்மாவப் பாத்துப் பல்லக் காட்டிட்டான். 'நல்லாத்தான இருக்கான், நடந்திருவான்'னு அனுப்பிட்டாக. ஒரு வருசம் சக்கர வண்டி போச்சு, ஒரு சிரிப்புல. ஏலே, இன்னைக்குச் சிரிச்ச, கொன்னுருவேன்."

பையன் இன்னும் நன்றாகச் சிரித்தான்.

"அண்ணே, அந்தப் பாப்பா சடையவாச்சும் கலைச்சு விடுங்க" என்றாள் பேச்சி என்னிடம்.

சகாயராணி ரோஸியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எம்பிள்ளயக் கோலம் கெடுத்து நிறுத்த மாட்டேன். அங்க எச்செம் உக்காந்துருக்காக."

நான் சட்டைப்பையில் கல்கோனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பேச்சியின் முறை வந்தது. பையன் டாக்டரைப் பார்த்து வாயெல்லாம் பல்லானான். நல்லவேளை, இந்த டாக்டர் காலைத்தான் பார்த்தார். சக்கர வண்டி எழுதிவிட்டார். பேச்சி போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணால், கலைச்சு விடுங்க என்று ஜாடை காட்டினாள்.

சகாயராணி ரிப்பனைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்த நேரத்தில் கல்கோனாவை ரோஸியின் வாயில் போட்டேன். மணி பத்தே முக்கால் ஆவதற்குக் கொஞ்சம் இருந்தது. நானே என்னை மெச்சிக்கொண்ட கடைசி நிமிஷங்கள் அவை.

ஒண்ணும் தெரியாது சார்

ரோஸி மணப்பாறை வரைக்கும் பஸ் விட்டு முடித்ததும் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்காளே! இவளுக்கு எதுக்கு சார் ஸ்பெஷல் டீச்சர்? இவளவிடக் கஷ்டப்படுற பிள்ளைங்க எம்புட்டோ இருக்கு."

பாக்கியம் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஸ்கூல் பிள்ளை சார்" என்றார், பெருமையோடு. போன வாரம் மதுரைக்கு வழி சொன்ன அதே வாய். "கெட்டிக்காரப் பிள்ளை சார். தங்கமான பிள்ளை." அந்தப் பாராட்டுக்கு நாங்கள் இரண்டு வருஷம் காத்திருந்தோம். அது வந்து சேர்ந்த நேரத்தைப் பாருங்கள்.

"இல்ல சார்" என்றேன் நான். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"இப்பச் சொன்னாளே?"

"அது சும்மா சார். கேட்டதச் சொல்றா. பொத்தான் போடத் தெரியாது சார். ரோட்டுல நிக்கத் தெரியாது. பசிச்சாச் சொல்லத் தெரியாது. ஒண்ணும் தெரியாது சார்."

சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ கல்யாண வீடுகளில் மறைத்து வைத்ததை எல்லாம் அந்த மரத்தடியில் எடுத்துப் போட்டுக் கடை விரித்தேன். டாக்டர் நம்பவேண்டுமே.

மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ரோஸி டாக்டரைப் பார்த்து, என் குரலிலேயே, என் கெஞ்சலோடு சொன்னாள்:

"ஒண்ணும் தெரியாது சார்."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சியின் பையன்கூட.

டாக்டர் பேனாவை மூடினார். ரோஸி பக்கம் குனிந்தார். "பாப்பா, பஸ்ல அப்பாவக் காணோம்னா யார்ட்டக் கேப்ப?" என்றார்.

"யார்ட்டக் கேப்ப" என்றாள் ரோஸி.

"ம்." என்னைப் பார்த்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "சார், ஒரு பக்கம் பதில் சொல்றா, ஒரு பக்கம் நான் சொன்னதையே சொல்றா. அவசரப்பட்டு எழுத முடியாது. இவளோட உக்காந்து பாடம் எடுக்குறவங்க யாரு? அவங்க வந்து சொல்லட்டும். வரிசை முடியற வரைக்கும் இருப்பேன்."

"மும்தாஜ் டீச்சர் சார். இப்ப வந்துருவாங்க" என்றேன்.

மும்தாஜ் டீச்சர் காலையிலேயே அய்யலூர் பக்கத்துப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்துவிட்டு, பின்னாலேயே மொபெட்டில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆட்டோ வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவருக்கு செல்போன் கிடையாது. எங்களுக்கும் கிடையாது.

வரிசை தேய்கிறது

மரத்தடியில் ஓரமாக உட்கார்ந்தோம். ரோஸி நடுவில். வரிசை குறையக் குறைய நான் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்கோனாவ யாரு குடுத்தது?" என்றாள் சகாயராணி, என்னைப் பார்க்காமல்.

"குட் மார்னிங் யாரு பழக்குனது?" என்றேன் நானும் பார்க்காமல்.

"பிள்ளை பேசக்கூடாதுன்னு மிட்டாயத் திணிச்ச அப்பன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"பேசி என்னாச்சுன்னு பாத்தியா? நல்லா இருக்காளாம். வியாழக்கிழமை போச்சு."

"எச்செம் தங்கமான பிள்ளைன்னாக. கேட்டீகளா?"

"நாளைக்கு மும்தாஜ் டீச்சர் வரலன்னா அதே தங்கத்தத்தான் மதுரைக்கு அனுப்பச் சொல்வாக."

அவள் முந்தானையை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"அழுகாத. ஏதாச்சும் செய்வோம்."

"நான் அதுக்கு அழுகல. உங்களுக்கு ஒரு எழவும் விளங்கல" என்றாள். "டாக்டரு கேட்டதும் அவ என்ன செஞ்சான்னு பாத்தீகளா?"

"கையில துப்புனா."

சகாயராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியப்போகிறது.

பேச்சி போகாமல் நின்றிருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. "செத்த நேரம் பாப்போம்ணே. டீச்சரு வந்துருவாக" என்றாள். பிறகு மகனை மேசைப் பக்கம் கொண்டுபோய், டாக்டரிடம் சக்கர வண்டியின் சக்கரம் எவ்வளவு பெரிது, சேற்றில் போகுமா, தக்காளிக் கூடை வைக்கலாமா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் கிளம்பாமல் இருக்க அவள் கேட்ட கேள்விகளில் ஒரு டிராக்டரே வாங்கியிருக்கலாம்.

வரிசை முடிந்தது. உதவியாளர் துணியை மடித்தார். டாக்டர் எழுந்து பாக்கியம் டீச்சரிடம் கைகூப்பினார். ஜீப் டிரைவர் பீடியை அணைத்தார்.

ரோஸி எழுந்தாள். நேராக வராந்தாவுக்குப் போனாள். எப்போதும் உட்காரும் இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வழக்கமாக மொபெட் போடும் சத்தம் இல்லவே இல்லை. போச்சு, பிள்ளைக்கும் குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

யார் வந்தார்கள்

மொபெட் சத்தம் இல்லாததற்குக் காரணம், அது ஓடவில்லை. பஞ்சர். மும்தாஜ் டீச்சர் அதைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். காற்றுப்போன டயர் உரசும் சத்தம் ரோஸியின் காதுக்கு மட்டும் எட்டியிருக்கிறது. செருப்பு முழுக்கப் புழுதி, தலையில் ஹெல்மெட் அப்படியே. தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

டாக்டர் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி கேட்டார். "டீச்சர், உங்களுக்காகத்தான் நிக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு நீங்க தேவையா? ஒண்ணு ரெண்டு சொல்றா, குட் மார்னிங் சொல்றா, பஸ் ரூட்டே சொல்றா. பேரு கேட்டேன், பேரு சொல்றா."

தேவைதான் சார், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள் டீச்சர். சொல்லுங்கள். என் உதடு அசைந்திருக்கும்.

டீச்சர் மொபெட்டை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. அது பேச்சியின் மேல் சாய்ந்தது.

"பேரச் சொன்னாளா?"

"ஆமா."

"உங்கட்டயா? நீங்க கேட்டு? உன் பேரு என்னன்னு கேட்டு, அவ திருப்பிக் கேக்காம, ரோஸ்லின்னா?"

"ஆமாம்மா."

"யா அல்லா" என்று வராந்தாப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "மத்தத விடுங்க சார். அதெல்லாம் பஸ் மாதிரி, ஏத்தி விட்டா ஓடும். இது அவளே சொன்னது. இத்தன மாசமா எங்கிட்டச் சொல்லல சார். நான் இல்லாதப்ப, முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டச் சொல்லிருக்கா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலை பத்தே முக்காலுக்கு என் மகள் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு துக்கம் கொண்டாடியிருக்கிறேன். சகாயராணி பக்கம் திரும்பினேன். அவள் புல்லைப் பிடுங்கிய கையோடு என்னைப் பார்த்து, 'இப்பவாச்சும்?' என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"சந்தோஷம்மா. ஆனா எழுதுறதா வேண்டாமா, அதச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"எழுதுங்க சார்" என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சியபடி. "பேருதான் வந்துருக்கு. இனிமே ஊரு வரணும், அப்பா பேரு வரணும், பசிக்குதுன்னு வரணும், வலிக்குதுன்னு வரணும். இப்ப நிறுத்துனா இந்தப் பேரும் போயிரும். நான் தேவையான்னு இன்னைக்குக் கேக்குறீங்களே சார். இன்னைக்குத்தான் என் வேலயே ஆரம்பிக்குது."

டாக்டர் ஜீப்பிலிருந்து காலை எடுத்தார். மடித்த துணியை உதவியாளர் மறுபடி விரித்தார். பேச்சி எட்டிப் பார்த்து, "எழுதுறாருண்ணே, எழுதுறாரு" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை எழுதும் இந்த நேரத்தில் ரோஸி பக்கத்து அறையில் இருக்கிறாள். தன் துணியைத் தானே மடிக்கிறாள், மடிக்கும்போது வையம்பட்டி வண்டியை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்தால் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் சொல்வாள், கேட்காவிட்டாலும். இப்போதெல்லாம் தூக்கக் கலக்கம் எனக்குத்தான்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு இது எதுவும் தெரியாது. டாக்டர் எழுதி முடித்தது தெரியும். ஜீப் போனது தெரியும். பாக்கியம் டீச்சர் ரோஸியின் கன்னத்தில் ஒட்டியிருந்த கல்கோனாப் பிசுக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டது தெரியும்.

மும்தாஜ் டீச்சர் பஞ்சர் வண்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு கேட் வரை போனார். ரோஸி பின்னாலேயே போய், போன வாரம் நின்ற அதே இடத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

டீச்சர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ரோஸி, வியாழக்கிழமை வாரேன்."